வாசகர் கேள்விகள்: விண்வெளி நிலையத்தில் அபாய மணி அடித்தால்

சென்ற இதழில், எட்டு நாள் பயணமாக 2024 ஜூன் 5 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்ட சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் 2025 மார்ச் 18 அன்றுதான் திரும்ப முடிந்தது ஏன் என்ற கேள்விக்கு நான்கே வரியில் விடையளித்திருந்தேன். அந்தச் சுருக்கம் பலருக்குப் போதவில்லை என்பது இம்மாதத் தபாலைப் பார்த்தபோது தெரிந்தது. குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவற்றை எழுதியவர்கள் கடலிலும் பட்டறையிலும் ஐஸ் பிளாண்டிலும் தாங்கள் கண்டதை வைத்துக் கேட்டிருந்ததே அதற்குக் காரணம்.

கேள்வி: ஆழ்கடலில் எங்கள் படகின் எஞ்சின் நின்றுபோனால் வயர்லெஸ்ஸில் கூப்பிடுவோம். பக்கத்தில் தொழில் செய்யும் வேறொரு படகு வந்து கயிறு போட்டு இழுத்துவரும். விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களை யார் இழுத்துவருவார்கள்?
— விசைப்படகு ஓட்டுநர், தூத்தூர்

கூப்பிட்ட நேரத்தில் யாரும் வரமாட்டார்கள் என்பதே நேர்மையான விடை. நிலையம் இருக்கும் உயரம் சுமார் 400 கிலோமீட்டர். நாகர்கோவிலிலிருந்து திருச்சிக்குப் போகும் தொலைவைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். ஆனால் அது மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதே வேகத்தைப் பிடித்து அருகில் செல்ல ஒரு ராக்கெட் வேண்டும். அந்த ராக்கெட்டை ஆயத்தம் செய்ய வாரங்கள், பல நேரங்களில் மாதங்கள் பிடிக்கும். ஆகவே, வந்த கலத்தை அனுப்பிவிடாமல் நிலையத்திலேயே கட்டிவைத்திருப்பார்கள். உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேருக்கும் திரும்பும் கலத்தில் இருக்கை இருக்க வேண்டும் என்பது அங்கே மீற முடியாத கட்டளை. நிலையத்தில் எது பழுதானாலும், வீரர்கள் மனத்துக்குள் முதலில் போடும் கணக்கு, நம் கலத்துக்குப் போகும் வழி திறந்திருக்கிறதா என்பதுதான். புறப்படுவது என்று முடிவெடுத்து, ரஷ்யாவின் சோயுஸ் கலம் நிலையத்தை விட்டு விலகிவிட்டால், சுமார் மூன்றரை மணி நேரத்தில் தரையில் இருக்கலாம்.

அந்தக் கலமே பழுதானால் என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். அதுவும் நடந்திருக்கிறது. 2022 டிசம்பர் மத்தியில், நிலையத்தில் கட்டியிருந்த சோயுஸ் எம்எஸ்-22 கலத்தின் வெளிப்புறத்திலிருந்து குளிர்விக்கும் திரவம் பனித்தூளாகச் சீறி வெளியேறுவதைக் கேமராக்கள் காட்டின. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளை. கலம் ஓடும்; ஆனால் குளிர்விக்க வழியில்லாமல் மூவரை ஏற்றி இறக்கினால் உள்ளே வெப்பமும் ஈரமும் தாங்க முடியாத அளவுக்கு ஏறிவிடக்கூடும் என்று கணக்கிட்டார்கள். மாற்றுக் கலம் வரும்வரை ஓர் ஏற்பாடு வேண்டுமே. 2023 ஜனவரியில், மூவரில் ஒருவரான பிராங்க் ரூபியோவின் உடலமைப்புக்கு வார்த்த இருக்கை அச்சைச் சோயுஸிலிருந்து கழற்றி, அருகில் கட்டியிருந்த அமெரிக்க டிராகன் கலத்துக்குள் கொண்டுபோய்ப் பொருத்தினார்கள். அபாயம் வந்தால் அவர் அதில் போவார். மற்ற இருவர் மட்டும் சோயுஸில் போனால் வெப்பம் குறையும். பிப்ரவரி 24 அன்று ஆளில்லாமல் ஏவப்பட்ட எம்எஸ்-23 வந்து சேர்ந்த பிறகுதான் அந்த ஏற்பாடு நீங்கியது. ஆறு மாதத்துக்குச் சென்ற ரூபியோ 371 நாள் கழித்து இறங்கினார்.

சுனிதா வில்லியம்ஸ், வில்மோர் இருவருடைய கதையும் இதே கணக்குதான். அவர்கள் சென்ற ஸ்டார்லைனர் கலத்தில் ஹீலியம் கசிந்தது. சில உந்து எஞ்சின்கள் ஒத்துழைக்கவில்லை. 2024 செப்டம்பரில் அதை ஆளில்லாமல் தரையிறக்கினார்கள். அடுத்த டிராகன் வந்து சேரும்வரை இடைப்பட்ட சில வாரங்களுக்கு, ஏற்கெனவே நால்வருக்கு உரியதாக இருந்த டிராகனில், இருக்கைகளுக்குக் கீழே சரக்கு வைக்கும் இடத்தில் இருவருக்கும் தற்காலிகப் படுக்கை தயார் செய்து வைத்திருந்தார்கள். 2025 நவம்பரில் சீன நிலையத்திலும் இது நேர்ந்தது: சென்சோ-20 கலத்தின் சன்னலில் வெடிப்புக் கண்டதால் அதன் வீரர்கள் புதிதாக வந்திருந்த சென்சோ-21 கலத்தில் இறங்கினார்கள், மேலே தங்கியவர்களுக்காக அந்த மாதமே சென்சோ-22 ஆளில்லாமல் ஏவப்பட்டது. அவ்வளவு விரைவில் ஏவ முடிந்ததற்குக் காரணம், ஒரு ராக்கெட்டையும் கலத்தையும் எப்போதும் தயார் நிலையில் வைத்திருக்கும் அவர்களது வழக்கம். உங்கள் பக்கத்துப் படகுக்கு மிக அருகில் வரக்கூடியது அதுதான்.

கேள்வி: சுவரில் சிறு ஓட்டை விழுந்தாலும் உள்ளே இருப்பவை எல்லாம் உறிஞ்சி வெளியே வீசப்படும் என்பதைத் திரைப்படங்களில் பார்க்கிறோம். உண்மையிலேயே அப்படியா?
— இளநிலை இயற்பியல் மாணவி, நாகர்கோவில்

நீங்கள் இயற்பியல் மாணவி என்பதால் கணக்காகவே பார்ப்போம். நிலையத்துக்குள் இருப்பது நாம் மூச்சுவிடும் அதே காற்று, அதே அழுத்தம். சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. 2018 ஆகஸ்ட் இறுதியில் அங்கே கட்டியிருந்த ஒரு சோயுஸின் சுவரில் கண்டுபிடிக்கப்பட்ட துளையின் விட்டம் 2 மில்லிமீட்டர். அதன் பரப்பு சுமார் 3 சதுர மில்லிமீட்டர். அதன்மேல் விரலை வைத்தால் விரலைத் தள்ளும் விசை 30 கிராம் எடைக்குச் சமம். ஒரு சிறிய எலுமிச்சம்பழத்தின் கனம். அலெக்சாண்டர் கெர்ஸ்ட் என்ற ஜெர்மானிய வீரர் அப்படித்தான் விரலால் அதை அடைத்தார். பிறகு டேப் ஒட்டினார்கள். அதற்குப் பிறகு எப்பாக்சி பசையில் தோய்த்த துணியை வைத்து அடைத்தார்கள். வீட்டுக் குழாயில் எம்-சீல் போடுகிறவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

அவ்வளவு சிறிய துளை வழியே மணிக்கு இரண்டு, மூன்று கிலோ காற்றுதான் வெளியேறும். நிலையத்தில் இருக்கும் காற்றோ ஆயிரம் கிலோ அளவில். ஆக, காலியாக இரண்டு வாரத்துக்கும் மேல் ஆகும். அழுத்தம் குறைவதைத் தரைக் கட்டுப்பாட்டு அறையினர் கவனித்தபோது வீரர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். உடனடி ஆபத்து இல்லை என்பதால் அவர்களை எழுப்பாமல் காலைவரை விட்டுவிட்டார்கள். அபாயம் என்றதும் ஓடுவதைவிட, எத்தனை மணி நேரம் கையில் இருக்கிறது என்று முதலில் கணக்கிடுவதே அங்கே ஒழுங்கு. விரைவாகக் காற்றிறங்கும் போது, கையில் பிடித்துப் பார்க்கும் அழுத்தமானியில் ஊசி இறங்கும் வேகத்தைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டு, எஞ்சியிருக்கும் நேரத்தைக் கண்டறிவார்கள். அந்த நேரம் போதாவிட்டால் துளையைத் தேட மாட்டார்கள், கலத்தில் ஏறிவிடுவார்கள்.

நேரம் போதும் என்றால், தேடல் கதவுகளில் தொடங்கும். சைக்கிள் டியூபில் பஞ்சர் எங்கே என்று கடைக்காரர் நீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்ப்பார். நிலையத்தை அமுக்க எந்தத் தொட்டியும் இல்லை. ஆகவே ஒரு பகுதியின் கதவை மூடிவிட்டு ஊசியைப் பார்ப்பார்கள். ஊசி நின்றுவிட்டால் ஓட்டை கதவுக்கு அப்பால், தொடர்ந்து இறங்கினால் இப்பால். முதலில் சோதிப்பது தங்கள் திரும்பும் கலத்தை. 2018இல் துளை அந்தக் கலத்திலேயே இருந்தது என்பது நெஞ்சை ஒரு கணம் உலுக்கும் செய்தி. நல்லவேளையாக அது தரையிறங்கும் முன் கழற்றிவிடப்படும் முன்பகுதியில் இருந்ததால் வீரர்கள் அதே கலத்தில் திரும்பினார்கள்.

மிக நுண்ணிய கசிவுக்கு இந்த முறையும் போதாது. ரஷ்யாவின் ஸ்வெஸ்தா பகுதியின் பின்கோடியில் உள்ள சிற்றறையில் 2019 முதல் காற்று கசிந்துவந்தது. 2020 அக்டோபரில் அங்கே தேயிலைத் தூளைக் கொஞ்சம் மிதக்கவிட்டுக் கதவை மூடி, கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடையற்ற நிலையில் எங்கும் விழாமல் மிதந்த இலைத் துணுக்குகள் மெல்ல மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்து சென்று வெடிப்பைக் காட்டிக்கொடுத்தன. கோடிக்கணக்கில் செலவழித்த கருவிகளுக்கு நடுவே ஒரு சிட்டிகைத் தேயிலை! ஆனால் ஒரு வெடிப்பை அடைத்ததோடு அந்தக் கசிவு தீரவில்லை. 2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா சென்ற பயணம் தள்ளிப்போனதற்கு அதே பகுதியும் ஒரு காரணம்.

மூடத்தான் கதவு என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். 1997 ஜூன் 25 அன்று ரஷ்யாவின் பழைய மீர் விண்வெளி நிலையத்தில், கையால் இயக்கி இணைக்க முயன்ற சரக்குக் கலம் ஸ்பெக்ட்ர் என்ற பகுதியின்மேல் மோதிக் காற்று இறங்கத் தொடங்கியபோது, கதவை மூட முடியவில்லை. வாசல் வழியே கம்பிகள் கொத்தாகச் சென்றுகொண்டிருந்தன. வாசிலி சிப்ளியெவ், அலெக்சாண்டர் லாசுத்கின், மைக்கேல் போல் ஆகிய மூவரும் இருந்த நிலையத்தில், அந்தக் கம்பிகளைக் கழற்றியும் வெட்டியும் அப்புறப்படுத்திய பிறகுதான் மூடியை வைக்க முடிந்தது. நம் வீடுகளில் கதவிடுக்கு வழியே எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துவிட்டு வருடக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறோமே, அதே அலட்சியம்தான் அங்கும்.

கேள்வி: நான் ஐஸ் பிளாண்டில் வேலை செய்கிறேன். அம்மோனியா கசிந்தால் ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு காற்று வரும் திசையைப் பார்த்து ஓட வேண்டும் என்று பழக்கியிருக்கிறார்கள். விண்வெளி நிலையத்திலும் அம்மோனியா உண்டு என்று படித்தேன். அங்கே எந்தத் திசையில் ஓடுவது?
— குளச்சல் வாசகர்

இம்மாதக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையதே. அம்மோனியா நீரில் உடனே கரையும். உங்கள் ஈரத் துண்டின் சூத்திரம் அதுதான். நிலையத்தில் அம்மோனியாவைப் பயன்படுத்தும் காரணமும் உங்கள் ஆலையின் காரணத்துக்குத் தூரமில்லை: அது வெப்பத்தை நன்றாகச் சுமக்கும், உறைவதற்கு மைனஸ் 78 டிகிரி செல்சியஸ் வேண்டும். நிலையத்துக்கு வெளியே, நிழலில் கடும் குளிர் நிலவும் குழாய்களில் நீரை ஓடவிட்டால் உறைந்து குழாயைப் பிளந்துவிடும். ஆகவே உள்ளே நீர்ச் சுற்று, வெளியே அம்மோனியாச் சுற்று. இரண்டும் வெப்பப் பரிமாற்றியில் மெல்லிய உலோகத்தின் இரு பக்கங்களிலும் ஓடி வெப்பத்தைக் கைமாற்றிக்கொள்கின்றன. அந்த உலோகம் உடைந்தால், அதிக அழுத்தத்தில் இருக்கும் அம்மோனியா நீர்ச் சுற்றுக்குள் புகுந்து, மக்கள் இருக்கும் அறைக்கே வந்துவிடும். தீ, காற்றிறக்கம், நச்சுக் காற்று ஆகிய மூன்றையும் உச்ச அபாயங்களாக வைத்துப் பயிற்சி தருகிறார்கள். நச்சுக் காற்று என்றதும் எல்லார் நினைவுக்கும் வருவது அம்மோனியா.

ஓட வேண்டிய திசை ரஷ்யப் பகுதி. அங்கே அம்மோனியாக் குழாய்கள் இல்லை. முகமூடியை அணிந்து, ஒருவரையொருவர் கூவி அழைத்து, அங்கே சென்று இடைக்கதவை மூடிவிட வேண்டும். அம்மோனியா பட்ட துணியை அப்பாலேயே கழற்றிவிட வேண்டும். துணியில் ஊறியதோடு வந்தால் அடைக்கலம் புகுந்த அறையையும் அது கெடுத்துவிடும். எச்சரி, ஒன்றுகூடு, பிறகு வேலையைப் பார் என்பதே எல்லா அபாயங்களுக்கும் அவர்கள் வைத்திருக்கும் வரிசை. தலைகளை எண்ணி முடிக்கும்வரை எந்தப் பழுதையும் யாரும் தொடுவதில்லை.

2015 ஜனவரி 14 அன்று அப்படித்தான் ஓடினார்கள். நீர்ச் சுற்றில் அழுத்தம் ஏறுவதாகவும் அறையின் காற்றழுத்தம் கூடுவதாகவும் அளவுகள் காட்டின. அறுவரும் ரஷ்யப் பகுதிக்குள் சென்று கதவை மூடிக்கொண்டார்கள். அவசரமில்லாத கருவிகளுக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது. பல மணி நேரம் கழித்து முகமூடியோடு திரும்பிச் சென்று காற்றைச் சோதித்தபோது அம்மோனியாவின் சுவடே இல்லை. கசிந்தது எதுவுமில்லை, ஒரு கணினியின் அட்டை பொய் சொல்லியிருந்தது. பொய் மணிக்கு ஓடியது வீண் என்று சிலர் எழுதினார்கள். ஐஸ் பிளாண்டில் வேலை செய்யும் உங்களிடம் அப்படி யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள்.

கேள்வி: சமையலறையில் கேஸ் தீப்பிடித்தால் ரெகுலேட்டரை மூடி, சன்னலைத் திற என்பார்கள். சன்னலைத் திறக்க முடியாத இடத்தில் தீயை எப்படி அணைப்பார்கள்?
— இல்லத்தரசி, தக்கலை

எடையற்ற நிலையில் சூடான காற்று மேலே எழும்பாது. மேல், கீழ் என்பதே அங்கே இல்லை. எனவே சுடர் நம் அகல்விளக்குச் சுடர்போல் நீண்டு நிற்காமல் உருண்டையாக, மங்கலாக எரியும். புதுக் காற்றை அதற்கு ஊட்டுவது காற்றோட்ட விசிறிகளே. ஆகவே முதல் வேலை விசிறிகளை நிறுத்துவது; அடுத்தது அந்தப் பகுதிக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிப்பது. உங்கள் ரெகுலேட்டரை மூடுவதற்குச் சமமான செயல் அது. பல சிறு தீக்கள் இதிலேயே அடங்கிவிடும். ஆனால் விசிறி நின்றால் புகையைக் கண்டறியும் கருவியும் ஏறக்குறையக் குருடாகும், ஏனெனில் புகை தானாக மேற்கூரைக்கு வராது என்பதால் அதைக் காற்றோட்டப் பாதையில்தான் பொருத்தியிருக்கிறார்கள். அசையாமல் இருப்பவர் விட்ட மூச்சும் அவர் முகத்தைச் சுற்றியே தேங்கும்.

அதற்கும் அடங்காவிட்டால் தீயணைப்பான். கரியமில வாயுவைப் பீய்ச்சும் வகையை மூடிய அறையில் பயன்படுத்தினால் அதுவே மூச்சைக் கெடுக்கும், முகமூடி கட்டாயம். பீய்ச்சுகிறவரை அந்த விசையே பின்னோக்கித் தள்ளிவிடும் என்பதால் எதிலாவது காலை மாட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த உபாயங்கள் எதற்கும் அடங்காத தீ ஒன்று உண்டு. 1997 பிப்ரவரி 23 அன்று, மோதல் நடப்பதற்கு நான்கு மாதம் முன்பு, அதே மீர் நிலையத்தில் அது எரிந்தது. ஆட்கள் மாறும் சமயமாதலால் மூவருக்குப் பதில் அறுவர் இருந்தார்கள். கூடுதல் ஆக்ஸிஜனுக்காக ரசாயனக் குப்பி ஒன்றை மூட்டினார்கள். ஒரு குப்பி ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய ஆக்ஸிஜனைத் தரும். அன்று அந்தக் குப்பி தீப்பற்றிக் கொழுந்துவிட்டது. ஆக்ஸிஜனைத் தானே தயாரித்துத் தானே தின்னும் தீயிடம் விசிறியை நிறுத்தி என்ன பயன்? அது தீர்ந்து அணையும்வரை சுற்றியிருந்தவற்றைக் குளிர்வித்துக் காப்பதே செய்ய முடிந்தது. எவ்வளவு நேரம் எரிந்தது என்பதிலேயே ஒன்றரை நிமிடம் என்று ஒரு கணக்கும் 14 நிமிடம் என்று மற்றொரு கணக்கும் உண்டு; புகைக்குள் இருந்தவரின் கடிகாரமும் வெளியே இருந்தவரின் கடிகாரமும் ஒன்றாக ஓடுவதில்லை போலும். அறுவருக்கு இரண்டு சோயுஸ் கலங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றுக்குச் செல்லும் வழியில்தான் தீ எரிந்துகொண்டிருந்தது. அன்றைய தீயில் எனக்கு மிகவும் அச்சம் தரும் செய்தி இதுவே.

கேள்வி: எங்கள் ஒர்க்ஷாப்பில் ஒரு பழுதைச் சரிசெய்ய மூன்று முறையாவது கடைக்கு ஓட வேண்டியிருக்கிறது. மேலே சாமான் தீர்ந்தால்?
— இருசக்கர வாகன மெக்கானிக், மார்த்தாண்டம்

முக்கியமான கருவிகளைப் பெட்டியோடு கழற்றிப் பெட்டியோடு மாட்டும்படி செய்திருக்கிறார்கள். மாற்றுப் பெட்டிகள் நிலையத்தின் வெளியிலேயே கட்டிவைக்கப்பட்டிருக்கும். ஆனால் பெட்டி இருந்தும் மாட்ட முடியாமல் போவது உண்டு என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2012 ஆகஸ்ட் 30 அன்று சுனிதா வில்லியம்ஸும் ஜப்பானிய வீரர் அகிஹிகோ ஹோஷிதேயும் சூரியப் பலகைகளிலிருந்து வரும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டி ஒன்றை மாற்ற வெளியே வந்தார்கள். நிலையத்தில் அத்தகைய பெட்டிகள் நான்கு. ஒன்று நின்றால் நாலில் ஒரு பங்கு மின்சாரம் போயிற்று. பழையதைக் கழற்றிவிட்டார்கள், புதியதன் போல்ட் இறங்க மறுத்தது. எட்டு மணி நேரத்துக்கு மேல் போராடியும் முடியாமல், பெட்டியைப் பட்டையால் கட்டிவைத்துவிட்டு உள்ளே திரும்பினார்கள். புரியில் உலோகத் துகள் சிக்கியிருந்ததே காரணம்.

செப்டம்பர் 5 அன்று மறுபடியும் போனபோது அவர்கள் கையில் ஒரு பல் துலக்கும் பிரஷ் இருந்தது. உள்ளே இருந்த சாமான்களைக் கொண்டே அதைக் கைப்பிடியில் பொருத்தி, மசகு தடவி, போல்ட் துளையின் புரியைத் தேய்த்துச் சுத்தம் செய்தார்கள். கம்பி இழைகளைக் கொண்டு செய்த இன்னொரு தூரிகையாலும் நைட்ரஜனைப் பீய்ச்சியும் துகள்களை வெளியேற்றினார்கள். போல்ட் இறங்கியது. சங்கிலியையும் ஸ்பார்க் பிளக்கையும் பழைய பிரஷால் தேய்க்கும் உங்கள் பையனிடம் இதைச் சொல்லுங்கள். பிரஷைத் தேடியவர்கள் மேலே இருவர் மட்டுமல்லர் என்பதையும் சொல்லுங்கள்: இடைப்பட்ட நாட்களில் தரையில் ஒரு பெரிய குழு அதே போல்ட்டின் நகலை வைத்துக்கொண்டு, மேலே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலிலிருந்து மட்டும் கருவி செய்து பார்த்தது.

கேள்வி: விண்வெளியில் ஒருவர் நீரில் மூழ்க முடியுமா? நண்பர்களிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன்.
— பள்ளி மாணவர், கன்னியாகுமரி

முடியும் என்று கட்டியிருந்தால் வென்றுவிட்டீர்கள். 2013 ஜூலை 16 அன்று வெளியே வேலை செய்துகொண்டிருந்த இத்தாலிய வீரர் லூகா பார்மிதானோவின் தலைக்கவசத்துக்குள் நீர் சேர்ந்தது. எடையற்ற நீர் கீழே வடியாது. முகத்தில் ஒட்டிக்கொண்டு கண்ணையும் மூக்கையும் மூடியது. ஏறத்தாழ ஒன்றரை லிட்டர். பார்வை போன நிலையில், தன்னைக் கட்டியிருந்த கம்பியின் இழுப்பை உணர்ந்தே அவர் கதவுக்கு வழி கண்டார். உடையின் குளிர்விக்கும் நீரைக் காற்றிலிருந்து பிரிக்கும் கருவி அடைத்துக்கொண்டதே காரணம். ஒரு வாரம் முன்பே, ஜூலை 9 அன்று, அதே உடையில் நீர் கண்டிருந்தது. குடிநீர்ப் பையிலிருந்து ஒழுகியிருக்கும் என்று முடிவு கட்டி விட்டுவிட்டார்கள். இப்போது தலைக்கவசத்தில் உறிஞ்சு பஞ்சும், நீர் ஏறினால் வயிற்றுப் பக்கத்துக் காற்றை இழுத்துச் சுவாசிக்க ஒரு குழாயும் வைக்கிறார்கள்.

கேள்வி: மனிதருக்கே உடல்நலம் கெட்டால்?
— செவிலியர், குழித்துறை

மருத்துவர் எப்போதும் உடன் இருப்பதில்லை. பயிற்சி பெற்ற வீரர் ஒருவர், தரையில் உள்ள மருத்துவரின் சொற்படி செய்வார். மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கும் முதலுதவிக்கு, நோயாளியைப் பலகையில் கட்டி, செய்பவர் எதிர்ச்சுவரில் கால்களை ஊன்றிக்கொண்டு அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அவர் பின்னோக்கிப் பறப்பார். ஒரு வீரரின் கழுத்து ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருப்பது அல்ட்ராசவுண்டில் தெரியவந்து, மேலே இருந்த மருந்தாலும் பிறகு அனுப்பிய மருந்தாலும் அங்கேயே சிகிச்சை தரப்பட்டதும் உண்டு. முடியாதபோது இறக்கிவிடுவார்கள்: 1985 நவம்பரில் சல்யுத்-7 நிலையத்தின் தலைவர் விளாதிமிர் வாசுதினின் நோயால் அந்தப் பயணமே முன்கூட்டி முடிந்தது. 2026 ஜனவரியில் சர்வதேச நிலையத்திலிருந்தும் ஒருவர் உடல்நிலைக்காக, ஒரே கலத்தில் வந்த நால்வரும் சேர்ந்தே இறங்கினார்கள். நோயுற்றவர் ஒருவர் என்றாலும், கலம் போனால் மற்றவர்களுக்கு இருக்கை இராது.

கேள்வி: மகேந்திரகிரியில் நடக்கும் சோதனைகளுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
— ஆரல்வாய்மொழி வாசகர்

உண்டு. உங்கள் வீட்டு மாடியிலிருந்து தெரியும் அந்த மலைக்கு அப்பால் உள்ள இஸ்ரோவின் சோதனைக் கூடத்தில், இந்திய வீரர்களை ஏற்றிச் செல்லவிருக்கும் ககன்யான் கலத்தின் உந்து அமைப்பைத் திட்டப்படி இயங்கும் நிலையில் மட்டுமல்லாமல், பயணத்தைப் பாதியில் கைவிட வேண்டிய நிலையை ஒத்தும் 2025 ஜூலையில் எரித்துப் பார்த்தார்கள். 2035க்குள் நமக்கென ஒரு நிலையம் என்று அறிவித்திருக்கிறார்கள். மேலே ஏற்றும் எஞ்சினைப் பற்றி நாளிதழ்கள் எழுதும் அளவுக்கு, கைவிட்டுத் திரும்பும் வழியைப் பற்றி எழுதுவதில்லை என்பது என் நெடுநாள் குறை.

கேள்வி: மின்சாரம் முழுவதும் போய் இருட்டாகிவிட்டால் என்ன செய்வார்கள்?
— ஏழாம் வகுப்பு மாணவி, திங்கள்நகர்

1997 ஜூன் மாத மோதலைச் சொன்னேன் அல்லவா, அந்தக் கதையின் மிச்சம்தான் உனக்கு விடை. கதவை மூடிக் காற்றைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் வெட்டிய கம்பிகளில் சில, ஸ்பெக்ட்ர் பகுதியின் சூரியப் பலகைகளிலிருந்து மின்சாரம் கொண்டுவந்தவை. மோதிய வேகத்தில் நிலையமும் மெல்லச் சுழலத் தொடங்கியதால், மற்றப் பலகைகளும் சூரியனைப் பார்த்து நிற்கவில்லை. மின்கலங்கள் தீர்ந்தன, விளக்குகள் அணைந்தன, இரவும் பகலும் இரைந்துகொண்டிருந்த விசிறிகள் நின்று, உள்ளே முழு நிசப்தம்.

நிலையத்தைத் திருப்ப வேண்டும் என்றால், அது எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது என்று தெரிய வேண்டும். அதைச் சொல்லும் கணினிக்கு மின்சாரம் இல்லை. மைக்கேல் போல் சன்னலருகே சென்று, கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தி, அந்த விரலைத் தாண்டி நட்சத்திரங்கள் எத்தனை வினாடியில் நகர்கின்றன என்று எண்ணினார். ஒரு நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை விரல் உயரம் என்று அளந்து கடலோடிய பழைய மாலுமிகளின் வழி அது. அவர் சொன்ன கணக்கைக் கொண்டு, நிலையத்தோடு கட்டியிருந்த சோயுஸ் கலத்தின் சிறு எஞ்சின்களை இயக்கினார்கள். தூத்தூர் வாசகர் கேட்ட இழுவைப் படகு அன்று அதுவாகவே அமைந்தது. பலகைகள் மெல்லச் சூரியன் பக்கம் திரும்பின. மின்கலங்கள் ஒவ்வொன்றாக ஏற, விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.